ஒரு வழக்குக்கே தம்பிக்கு வேலை இல்லை, பதினோரு வழக்கு உள்ளவருக்குப் பதவியா?

கேள்வி: வக்கீல் சார், எனக்கு நெல்லிக்குப்பம். என் தம்பி இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் எழுத்து, உடல்தகுதி எல்லாவற்றிலும் தேறிவிட்டான். கடைசியில் போலீஸ் விசாரணையில், மூன்று வருடத்துக்கு முன் எங்கள் ஊர்த் திருவிழாவில் நடந்த தகராறில் எட்டாவது எதிரியாக (குற்றம் சாட்டப்பட்டவராக) அவன் பெயர் இருக்கிறது என்று சொல்லி நிராகரித்துவிட்டார்கள். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் எங்களிடம் ஓட்டு கேட்டு வந்தவர் ஒருவர் மேல் பதினோரு வழக்கு என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ஒரு வழக்குக்கே என் தம்பிக்குக் கான்ஸ்டபிள் வேலை கிடையாது, அந்தப் போலீசுக்கே உத்தரவு போடும் இடத்தில் வழக்கு உள்ளவர் உட்காரலாமா? வழக்கு இருந்தாலே பதவி கிடையாது என்று சட்டம் போட்டால் என்ன? பாகூரில் இருக்கும் என் அக்கா வீட்டுக்காரர், 30 நாள் ஜெயிலில் இருந்தால் அமைச்சர் பதவி போய்விடும் என்று சட்டமே வந்துவிட்டது, புதுச்சேரிக்கும் சேர்த்துத்தான் என்கிறார். உண்மையா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. கடலூர் கோர்ட்டில் கிரிமினல் வழக்கு நடத்துகிற யாருக்கும் புரியும், ஏனென்றால் ஒவ்வொரு காவலர் தேர்வு முடிந்த பிறகும் "பையனுக்கு வேலை போச்சு சார்" என்று ஒரு காகிதக் கட்டோடு வந்து நிற்கும் பெற்றோரைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் நீங்கள் கேட்கும் தீர்வு எனக்குச் சம்மதமில்லை. உங்கள் தம்பிக்குப் போட்டது தப்பான பூட்டு. அதையே எல்லா வீட்டுக் கதவுக்கும் போடச் சொல்கிறீர்கள்.

சட்டம் இன்றைக்கு எங்கே நிற்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். எம்எல்ஏ, எம்பி தகுதி இழப்பதற்கு 1951-ஆம் வருட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8-ஆவது பிரிவைத்தான் பார்க்க வேண்டும். அது வழக்கைக் கணக்கில் எடுப்பதே இல்லை, தண்டனையைத்தான் எடுக்கிறது. பொதுவாக இரண்டு வருடமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை வந்தால் பதவி போகும், தண்டனை முடிந்து வெளியே வந்து ஆறு வருடம் வரை தேர்தலில் நிற்கவும் முடியாது. ஊழல் தடுப்புச் சட்டம் மாதிரி சிலவற்றில் இந்த இரண்டு வருடக் கணக்கும் கிடையாது, எவ்வளவு சின்ன சிறைத்தண்டனை என்றாலும் பதவி காலி. 2018-இல் புதுச்சேரி தட்டாஞ்சாவடி எம்எல்ஏவுக்குச் சொத்துக்குவிப்பு வழக்கில் வந்தது ஓராண்டுதான், ஆனாலும் பதவி போய் 2019-இல் அங்கே இடைத்தேர்தல் நடந்தது. உங்கள் அக்கா வீட்டுக்காரருக்கு அது நினைவிருக்கும்.

முன்பு இதிலும் ஒரு சந்து இருந்தது. பதவியில் இருப்பவர் மூன்று மாதத்துக்குள் அப்பீல் போட்டுவிட்டால் அது முடியும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். லில்லி தாமஸ் வழக்கில் 2013 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சந்தை அடைத்தது. அதற்கு அடுத்த வருடமே சொத்துக்குவிப்பு வழக்கின் பெங்களூரு தீர்ப்பில் நான்காண்டு தண்டனை வந்ததும் ஜெயலலிதாவின் எம்எல்ஏ பதவியும் அதோடு முதலமைச்சர் பதவியும் போனதைப் பார்த்தோம். இப்போதெல்லாம் குற்றவாளி என்கிற தீர்ப்பையே மேல் கோர்ட் நிறுத்திவைத்தால்தான் பதவி திரும்பும், ஜாமீன் மட்டும் கிடைத்தால் போதாது. திருக்கோவிலூர் எம்எல்ஏவாக இருந்த பொன்முடிக்கு 2023 டிசம்பரில் போன பதவி 2024 மார்ச்சில் திரும்பியது அப்படித்தான்.

ஆக, தீர்ப்பு வந்தால் சட்டம் கடுமையாகத்தான் இருக்கிறது. தீர்ப்பு வரும்வரை ஒன்றுமே இல்லை. கொலை வழக்கில் விசாரணைக் கைதியாக உள்ளே இருப்பவர்கூட வேட்புமனு போடலாம், ஜெயித்தால் எம்எல்ஏ. ஆனால் அதே சிறையில் இருப்பவர் ஓட்டுப் போட முடியாது! நிற்கலாம், போடக் கூடாது. இதைச் சட்டக் கல்லூரியில் படித்தபோதும் எனக்கு விளங்கவில்லை, இன்றைக்கும் விளங்கவில்லை, சரி விடுங்கள்.

"வழக்கு இருந்தாலே" என்கிறீர்களே, அதற்கு வருகிறேன். வழக்கு என்பது ஒரே பொருள் இல்லை. யாரோ ஒருவர் புகார் கொடுத்து ஸ்டேஷனில் பதிவதுதான் முதல் தகவல் அறிக்கை, அதை யாரும் சரிபார்த்திருக்க மாட்டார்கள். போலீஸ் விசாரித்து முடித்துக் கோர்ட்டில் கொடுப்பது குற்றப்பத்திரிகை. அதன் பிறகு நீதிபதி அந்தக் காகிதங்களைப் படித்து, எதிரி தரப்பு விடுவிப்பு மனு போட்டால் அதையும் கேட்டு, விசாரணை நடத்த இதில் முகாந்திரம் இருக்கிறது என்று பட்டால்தான் குற்றச்சாட்டு வனைவார், எதிரியைக் கூண்டில் நிற்கவைத்து "குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா" என்று கேட்பார். போலீஸ் அல்லாத ஒருவர், சட்டம் படித்த ஒருவர், வழக்கை முதல்தடவையாக நிறுத்துப் பார்ப்பது அங்கேதான். வாட்ஸ்அப்பில் வரும் "பதினோரு வழக்கு" எந்த நிலையில் இருக்கிற பதினோரு வழக்கு என்று யாரும் சொல்வதில்லை.

முதல் தகவல் அறிக்கை எப்படி எழுதப்படுகிறது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திருவிழாவில் சாமி ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போவது என்பதில் கைகலப்பு, நாலு பேருக்கு மண்டை உடைந்தது. ஸ்டேஷனில் ரைட்டர் பேனாவைத் திறந்து "இன்னும் யார் யார் இருந்தாங்க" என்று கேட்கிறார். அடித்தவன் பெயர் முதலில் வரும். கூட நின்றவன் அடுத்து. அப்புறம் புகார்தாரருக்கு வரப்புத் தகராறு இருக்கிற பங்காளியின் பையன், கடன் வாங்கித் திருப்பாதவனின் தம்பி, படித்து முன்னுக்கு வருகிறானே என்று கண்ணை உறுத்துகிற ஒருவன். கடைசியில் "மற்றும் சிலர்". உங்கள் தம்பி எட்டாவது எதிரி என்று படித்ததுமே எனக்கு இதுதான் ஓடியது. அவன் அங்கே அடித்தானா இல்லையா எனக்குத் தெரியாது, ஆனால் எட்டாவது பெயர் எப்படி வந்து சேரும் என்பது தெரியும்.

இதே பேனா அரசியலில் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். போலீஸ் எந்த ஆட்சியிலும் ஆளுங்கட்சியின் கையில். முதல் தகவல் அறிக்கை இருந்தாலே தேர்தலில் நிற்க முடியாது என்றால், வேட்புமனுத் தாக்கலுக்கு முந்தின வாரம் எதிர்க்கட்சிக்காரர் ஒவ்வொருவர் மேலும் ஒரு வழக்கு ஏறும், அதற்கு ஒரு இன்ஸ்பெக்டரும் ஒரு புகார்தாரரும் போதும். அது மட்டுமில்லை. 2023 ஜூலையில் என்எல்சி நிலக்கரிச் சுரங்கத்துக்காக வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல்லை இயந்திரத்தை விட்டு அழித்தபோது நெய்வேலிப் போராட்டத்தில் என்ன நடந்தது என்று நம் மாவட்டத்துக்குத் தெரியும். நிலத்துக்காகத் தெருவில் இறங்குகிறவன், குடிதண்ணீர் வரவில்லை என்று காலிக்குடத்தோடு மறியல் பண்ணுகிறவள், இவர்கள் மேல்தான் வழக்கு சுலபமாக விழும். தெருவுக்கே வராமல் வீட்டுக்குள் இருந்து பணம் பண்ணுகிறவர் மேல் வழக்கே இருக்காது. உங்கள் சட்டம் வடிகட்டினால் கீழே தங்குவது யார், மேலே போவது யார்?

என் வாதத்துக்கு இடைஞ்சலான உதாரணமும் நம் ஊரிலேயே இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. 2021-இல் பண்ருட்டிப் பக்கம் முந்திரி ஆலைத் தொழிலாளி ஒருவர் இறந்த வழக்கில், அப்போதைய கடலூர் எம்பி கொலை வழக்கில் சேர்க்கப்பட்டு பண்ருட்டி கோர்ட்டில் சரணடைந்தார். எம்பி பதவி 2024-இல் காலம் முடியும்வரை அவரிடமே இருந்தது. குற்றம் உண்டா இல்லையா என்பது கோர்ட் சொல்ல வேண்டியது, அதற்குள் நான் போகவில்லை. ஆனால் அந்தத் தொழிலாளியின் வீட்டார் நிலையில் நின்று பார்த்தால் இது எவ்வளவு கசக்கும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அப்படியும் சொல்கிறேன், மக்கள் ஓட்டுப் போட்டுக் கொடுத்த இடத்தை ஒரு நீதிபதி தீர்ப்பு எழுதுவதற்கு முன்னால் பறிக்கக் கூடாது.

அமைச்சர் நாற்காலி வேறு விஷயம். இங்கேதான் நான் உங்கள் பக்கம் வந்துவிடுகிறேன். எம்எல்ஏ பதவி மக்கள் கொடுத்தது. அமைச்சர் பதவியை மக்கள் கொடுக்கவில்லை, முதலமைச்சர் கொடுக்கிறார், அதை யாரும் தன் உரிமை என்று கேட்க முடியாது. அதைவிட முக்கியம், அமைச்சரின் கையில் அதிகாரிகள் இருக்கிறார்கள். அவர் மேல் உள்ள வழக்கில் சாட்சி சொல்ல வேண்டிய தாசில்தாரும் பொறியாளரும் அவருக்குக் கீழேயே வேலை பார்த்தால், கூண்டில் ஏறி என்ன சொல்வார்கள்? பிறழ் சாட்சி ஆவதற்கு, அதாவது முன்பு சொன்னதை மாற்றிச் சொல்வதற்கு, யாரும் மிரட்டக்கூட வேண்டாம், ஒரு பணிமாறுதல் உத்தரவைக் கண்ணில் காட்டினால் போதும். தமிழக அமைச்சராக இருந்த செந்தில் பாலாஜியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் கவலைப்பட்டதும் இதற்குத்தான். 2023 ஜூனில் கைதானார், உள்ளே இருந்தபடியே இலாகா இல்லாத அமைச்சராக எட்டு மாதம் நீடித்தார், ஜாமீனில் வந்த சில நாளிலேயே மறுபடி அமைச்சர் ஆனார். கடைசியில் 2025 ஏப்ரலில், பதவி வேண்டுமா ஜாமீன் வேண்டுமா என்று கோர்ட் கேட்ட பிறகுதான் விலகினார். ஒரு அமைச்சரைக் கீழே இறக்க, ஜாமீனைக் காட்டித்தான் கேட்க வேண்டியிருந்தது என்றால் நம் சட்டத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

நடுவில் 2023 ஜூன் 29 அன்று ஆளுநர் தானாகவே அவரை நீக்கினார், அன்றைக்கு இரவே அந்த உத்தரவை நிறுத்தியும் வைத்தார். அது அதைவிட மோசமான வழி. ஓட்டு வாங்காத ஒருவர், முதலமைச்சரைக் கேட்காமல் அமைச்சரை நீக்கலாம் என்று ஆகிவிட்டால் வழக்கு என்பது சாக்கு மட்டும்தான். புதுச்சேரிக்காரர்களுக்கு, துணைநிலை ஆளுநரோடு நடந்த இழுபறிகளைப் பார்த்தவர்களுக்கு, இதை விளக்க வேண்டியதே இல்லை.

இப்படி ஒரு ஓட்டை இருக்கிறது என்று அரசியல் சாசனம் எழுதியவர்களுக்கும் தெரியும். தண்டிக்கப்பட்டவர் அமைச்சராகக் கூடாது என்று எழுதிவைத்துவிடலாம் என 1948-இல் அரசியல் நிர்ணய சபையில் கே.டி.ஷா என்ற உறுப்பினர் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை, அதைப் பிரதமரின் நல்லறிவுக்கும் சபைக்கும் விட்டுவிடலாம், மக்களும் பார்த்துக்கொண்டுதானே இருப்பார்கள் என்கிற பொருளில் பதில் சொன்னார். 2014-இல் மனோஜ் நரூலா வழக்கில் உச்ச நீதிமன்றமும் ஏறக்குறைய அதையே சொன்னது: கடுமையான குற்றத்தில் குற்றச்சாட்டு வனையப்பட்டவரை அமைச்சராக்காதீர்கள் என்று பிரதமருக்கும் முதலமைச்சர்களுக்கும் எதிர்பார்ப்பாகச் சொன்னது, தடையாகச் சொல்லவில்லை. நல்லறிவு சில சமயம் வேலை செய்யும். 2011-இல் புதுச்சேரியின் கல்வி அமைச்சர் மேலேயே, திண்டிவனத்தில் நடந்த பத்தாம் வகுப்புத் தேர்வை ஆள்மாறாட்டம் செய்து வேறொருவரை எழுதவைத்தார் என்று வழக்கு வந்தது. கல்வி அமைச்சர், பத்தாம் வகுப்பு, ஆள்மாறாட்டம்! ஊரே சிரித்தது, அமைச்சர் பதவி போனது, எம்எல்ஏ பதவி அவரிடமே இருந்தது. எனக்குச் சரியென்று படுகிற ஏற்பாடும் கிட்டத்தட்ட அதுதான். ஆனால் அது சட்டத்தால் நடக்க வேண்டும், ஊர் சிரிக்கிற வரைக்கும் காத்திருக்கக் கூடாது.

என் நிலையை ஒரே வாக்கியத்தில் கேட்டால்: ஐந்து வருடமோ அதற்கு மேலோ தண்டனை கிடைக்கக்கூடிய குற்றத்தில் ஒரு நீதிபதி குற்றச்சாட்டு வனைந்த அன்றைக்கு அமைச்சர் பதவி போக வேண்டும், விடுதலையானால் திரும்ப வரலாம், எம்எல்ஏ பதவி தீர்ப்பு வரும்வரை இருக்கட்டும். சட்ட ஆணையம் 2014-இல் தன் 244-ஆவது அறிக்கையில் இதற்கும் ஒருபடி மேலே போய், குற்றச்சாட்டு வனைந்தாலே தேர்தலில் நிற்கவும் தடை வேண்டும் என்றது. பொய் வழக்குப் பயத்துக்காக, வேட்புமனுப் பரிசீலனைக்கு முந்தைய ஒரு வருடத்துக்குள் வந்ததைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று ஒரு காப்பும் வைத்தது. அந்தக் காப்பு நல்ல யோசனை. 2018 செப்டம்பரில் இது உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் முன் வந்தபோது, புதுத் தடை போடுவது நாடாளுமன்றத்தின் வேலை, எங்கள் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நாடாளுமன்றம் இதைச் செய்யுமா? 2024-இல் ஜெயித்த 543 பேரில் 251 பேர் தங்கள் மேல் வழக்கு இருப்பதாக அவர்களே எழுதிக்கொடுத்தவர்கள். நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

அக்கா வீட்டுக்காரர் சொன்ன 30 நாள் விஷயம் பாதி சரி. 2025 ஆகஸ்ட் 20 அன்று மக்களவையில் 130-ஆவது அரசியல் சாசனத் திருத்த மசோதா தாக்கலானது. ஐந்து வருடமோ அதற்கு மேலோ தண்டனை கிடைக்கக்கூடிய குற்றத்தில் கைதாகித் தொடர்ந்து 30 நாள் காவலில் இருந்தால், 31-ஆவது நாள் பிரதமரானாலும் முதலமைச்சரானாலும் அமைச்சரானாலும் பதவி போகும் என்கிறது. யூனியன் பிரதேசங்களுக்கான 1963-ஆம் வருடச் சட்டத்தைத் திருத்தவும் கூடவே ஒரு மசோதா வந்தது, புதுச்சேரி அதில் வருகிறது. ஆனால் மசோதா தாக்கலானால் சட்டம் ஆகிவிடாது. இது அன்றைக்கே கூட்டுக் குழுவுக்குப் போனது, அரசியல் சாசனத் திருத்தம் என்பதால் இரண்டு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அவரிடம் பந்தயம் கட்டியிருந்தால் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

எனக்கு அந்த மசோதா பிடிக்கவில்லை. காரணம், அதில் நீதிபதி வழக்கை நிறுத்துப் பார்க்கிற கட்டமே இல்லை. குற்றப்பத்திரிகைகூட வேண்டாம், கைது போதும். சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தில் உள்ளே போனால் 30 நாளுக்குள் ஜாமீன் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று கோர்ட்டுப் பக்கம் போகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒரு மாநில முதலமைச்சரின் பதவி, மத்திய விசாரணை அதிகாரி ஒருவரின் கையெழுத்தில் வந்து நிற்கும். உங்கள் தம்பி விஷயத்தில் ரைட்டரின் பேனா செய்ததை இங்கே பெரிய பேனா செய்யும்.

நான் சொல்கிற வழியிலும் ஒரு கோளாறு உண்டு, தாமதம். ஜெயலலிதா மேல் சொத்துக்குவிப்பு வழக்கு பதிவானது 1996-இல், முதல் தீர்ப்பு 2014-இல், கர்நாடக உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது 2015-இல், உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து மறுபடி குற்றத்தை உறுதி செய்தது 2017 பிப்ரவரியில், அதற்குள் அவர் இறந்தே போய்விட்டார். பொன்முடி வழக்கு 2011-இல் பதிவானது, 2016-இல் விழுப்புரம் கோர்ட் விடுதலை செய்தது, 2023-இல் உயர் நீதிமன்றம் தண்டித்தது. இதில் எத்தனை தேர்தல் வந்துபோனது பாருங்கள். எம்பி, எம்எல்ஏ மீதான முக்கிய வழக்குகளை, குற்றச்சாட்டு வனைந்த ஒரு வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இலேயே உத்தரவு போட்டது. உயர் நீதிமன்றத்தைக் கேட்காமல் அரசு இவர்கள் மீதான வழக்கை வாபஸ் வாங்கக் கூடாது என்றும் 2021-இல் சொன்னது. இந்த இரண்டாவது உத்தரவு நிஜமாகவே பல்லுள்ள உத்தரவு. முதலாவதுக்கு வாய்தா வாங்கத் தெரிந்த நாங்கள், அதாவது வக்கீல்கள், இருக்கும்வரை பெரிய பயம் கிடையாது.

சரி, அந்தப் பதினோரு வழக்கு. வாட்ஸ்அப்பை மூடிவிட்டுத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் அவருடைய பிரமாணப் பத்திரத்தைத் திறந்து பாருங்கள், படிவம் 26 என்று பெயர். பக்கம் பக்கமாக நகை, நிலம், வங்கிக் கணக்கு என்று போகும், அதற்கு முன்பே, ஐந்தாவது பத்தியில் நிலுவையில் உள்ள வழக்குகள் இருக்கும். எந்த ஸ்டேஷன், என்ன எண், எந்தப் பிரிவு, எந்தக் கோர்ட், குற்றச்சாட்டு வனையப்பட்டதா, எந்தத் தேதியில் என்று கட்டம் கட்டமாக. பழைய வழக்கில் இந்திய தண்டனைச் சட்டத்தின் 143, 188, 341 என்று வந்தால் பெரும்பாலும் கூட்டம் கூடியது, உத்தரவை மீறியது, வழிமறித்தது. மறியல் செய்தவர் என்று வைத்துக்கொள்ளலாம். 420 என்றால் மோசடி, 307 என்றால் கொலை முயற்சி. 2024 ஜூலை முதல் நடந்த குற்றம் என்றால் புதுச் சட்டம் (பாரதிய நியாய சன்ஹிதா), எண்கள் மாறியிருக்கும், மோசடி 318, கொலை முயற்சி 109. பதினொன்றில் பத்து 143-ஆக இருந்து ஒன்று மட்டும் 420-ஆக இருந்தால், அந்த ஒன்றின் வரிசையில் "குற்றச்சாட்டு வனையப்பட்டதா" என்கிற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். நான் ஓட்டுப் போடுவதாக இருந்தால் அந்தக் கட்டத்தைத்தான் பார்ப்பேன், எண்ணிக்கையைப் பார்க்க மாட்டேன். இந்த விவரத்தை வேட்பாளர் மூன்று தடவை பத்திரிகையில் விளம்பரமாகப் போடவும் வேண்டும், ஆனால் டெண்டர் அறிவிப்புக்கும் பெயர் மாற்ற விளம்பரத்துக்கும் நடுவில் பொடி எழுத்தில் வரும் அதை யார் படிக்கிறார்கள்.

கடைசியாகத் தம்பி. காவலர் பணி விதியில், சரிபார்ப்பு நடக்கும் நாளில் வழக்கு நிலுவையில் இருந்தால் எடுக்க மாட்டார்கள். சீருடைப் பணி என்பதால் கோர்ட்டுகளும் இதில் பொதுவாகத் தளர்வு காட்டுவதில்லை. எட்டாவது எதிரியையும் முதல் எதிரியையும் ஒரே தராசில் வைக்கிற விதி இது, மாற வேண்டியது இதுதான் என்பது என் கருத்து. அது மாறும்வரை நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஊரில் பெரியவர்கள் உட்கார்ந்து, "சமாதானமாப் போயிடலாம், சாட்சிகளை மாத்திச் சொல்ல வெச்சு விடுதலை வாங்கிடலாம்" என்று சொல்வார்கள். அவசரப்பட்டு ஒத்துக்கொள்ளாதீர்கள். சாட்சி பிறழ்ந்தோ சந்தேகத்தின் பலனாலோ விடுதலையானால், அந்த விதிப்படி அவன் வழக்கில் சம்பந்தப்பட்டவன் என்றேதான் வைப்பார்கள். குற்றமே இல்லை என்று தெளிவாகச் சொல்கிற விடுதலை வேண்டும், அல்லது வழக்கே பொருண்மைப் பிழை, அதாவது நடந்ததைத் தவறாகப் புரிந்துகொண்டு பதிவானது, என்று முடிக்கப்பட வேண்டும். அப்படி வந்தாலும் இந்தத் தேர்வின் இடம் திரும்பாது, அடுத்த தேர்வில்தான் உட்கார வேண்டும், அதனால் வயது வரம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். அவன் மேல் குறிப்பான செயல் எதுவும் சொல்லப்படவில்லை என்றால், அவனைப் பொறுத்தமட்டில் வழக்கை ரத்து செய்யச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றத்தில் மனுப் போடலாம், நான் முதலில் யோசிப்பது அதைத்தான். முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, சாட்சிகள் போலீசிடம் கொடுத்த வாக்குமூலங்களின் நகல் இவை மூன்றையும் எடுத்து, தம்பியின் பெயர் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் பென்சிலால் கோடு போட்டு ஒரு கிரிமினல் வக்கீலிடம் காட்டுங்கள். விண்ணப்பத்தில் வழக்கைப் பற்றிய கேள்விக்கு அவன் என்ன பதில் எழுதினான் என்பதையும் முன்கூட்டியே கேட்டுவையுங்கள், "இல்லை" என்று எழுதியிருந்தால் அது தனிச் சிக்கல், அதை வக்கீலிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.